பென்குவின் தெற்கே பார்க்கும் வீடு

கூடத்தில் ஒரு சின்ன மேசை. அதன் மேல் பீங்கான் பொம்மைகள் நிற்கின்றன. இரண்டு கால்களும் உடைந்த ஒருவர், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது மேசையில் இடித்துவிடுகிறார். பென்குவின் பொம்மை ஒன்று சரிகிறது. தரையில் விழுமுன் பிடித்துவிடுகிறார். மூச்சு வாங்கியபடி பழைய இடத்திலேயே வைக்கிறார். ஆனால் பொம்மை இப்போது வேறு திசையைப் பார்க்கிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கடைக்குப் போன வீட்டுக்காரி திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பென்குவின் எப்போதும் தெற்குப் பார்த்துத்தான் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

1990-ல் வெளிவந்த 'மிசரி' என்ற அமெரிக்கப் படத்தில் வரும் காட்சி இது. இதில் துப்பாக்கி வெடிக்கவில்லை, கார் துரத்தவில்லை, ஒருவரும் கூச்சல் போடவில்லை. ஒரு பொம்மை முகம் திருப்பி நிற்கிறது, அவ்வளவுதான். பார்ப்பவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார்.

கடத்தல் என்றதும் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் மனதில் வேறொரு காட்சி வரும். ஊருக்கு வெளியே பாழடைந்த குடோன், அடுக்கிவைத்த மரப்பெட்டிகள், காலி எண்ணெய் டிரம்கள், நாற்காலியில் கட்டிப்போட்ட தங்கையோ காதலியோ. வில்லன் சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு நாயகன் குதிப்பார். அடுத்த பத்து நிமிடம் சண்டை. கட்டுண்டவருக்கு அதில் வேலை எதுவும் கிடையாது. அழுவதும், "பின்னாடி பாருங்க!" என்று கத்துவதும்தான் அவர் பங்கு.

அந்த நாயகனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஒரு பூட்டிய கதவு, உள்ளே ஒருவர், வெளியே சாவியோடு இன்னொருவர். காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை. சிறைப்பட்டவரே வழி கண்டுபிடித்தாக வேண்டும். உலக சினிமாவில் தனி வகையாகவே வளர்ந்திருக்கும் இந்தத் திகில் படங்களில் அடிதடி மிகக் குறைவு. முதல் முக்கால்வாசி நேரம் நடப்பது ஒரு படிப்பு. கைதி அறையைப் படிக்கிறார், காவல் இருப்பவரைப் படிக்கிறார், அவருடைய நேரங்களையும் பலவீனங்களையும் படிக்கிறார். கை ஓங்குவதெல்லாம் கடைசியில்தான்.

இந்தப் படிப்பை 'மிசரி' அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய படங்கள் குறைவு. (கதையின் முடிவு வரை இங்கே பேசப்படுகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து தொடரலாம்.)

பால் ஷெல்டன் புகழ்பெற்ற நாவலாசிரியர். 'மிசரி' என்ற பெண்ணை நாயகியாக வைத்து அவர் எழுதிய காதல் நாவல்கள் ஏகமாக விற்றிருக்கின்றன. அவருக்கோ அந்தப் பாத்திரம் சலித்துவிட்டது. கடைசி நாவலில் அவளைச் சாகடித்துவிட்டு, மலை விடுதி ஒன்றில் தங்கிப் புதிதாக வேறொரு நாவலை எழுதி முடிக்கிறார். திரும்பும் வழியில் பனிப்புயல். கார் பள்ளத்தில் உருள்கிறது. அவரைக் காப்பாற்றித் தன் வீட்டுக்குத் தூக்கிப் போகும் அன்னி வில்க்ஸ், முன்னாள் நர்ஸ். அவருடைய தீவிர ரசிகையும்கூட. எலும்புகளுக்குக் கட்டுப் போடுகிறாள், ஊட்டிவிடுகிறாள், மாத்திரை தருகிறாள். பாதை மூடியிருக்கிறது, தொலைபேசி வேலை செய்யவில்லை என்கிறாள். அதற்குள் கடைசி நாவல் கடைக்கு வந்துவிடுகிறது. மிசரி இறந்ததைப் படித்து முடிக்கும் கணத்தில் நர்ஸ் காவலாளியாகிறாள். புது நாவலின் கையெழுத்துப் பிரதியை அவரையே கொளுத்தவைக்கிறாள். மிசரியை உயிரோடு எழுப்பி இன்னொரு நாவல் எழுதும்படி கட்டளையிடுகிறாள்.

ஸ்டீபன் கிங் 1987-ல் எழுதிய நாவல் இது. தன்னை அப்போது பிடித்திருந்த போதைப் பழக்கத்தின் உருவம்தான் அன்னி என்று கிங் பிற்காலத்தில் சொன்னார். நாவலைத் திரைக்கதையாக்கியவர் வில்லியம் கோல்ட்மேன். இயக்கியவர் ராப் ரைனர். நாயகன் வேடத்தை ஹாலிவுட்டின் பெரிய நடிகர்கள் பலர் மறுத்தார்கள். படம் முழுக்கக் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் கிடக்க வேண்டும்; காட்சியைத் தூக்கிச் செல்லப்போவது எதிரில் நிற்கும் பெண். கடைசியில் ஜேம்ஸ் கான் ஒப்புக்கொண்டார். நாடக மேடையில் பெயர் பெற்றிருந்தாலும் சினிமாவில் அவ்வளவாகத் தெரியாத கேத்தி பேட்ஸ் அன்னியாக வந்து, சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைத் தட்டிக்கொண்டு போனார்.

பால் ஷெல்டனின் ஆயுதக் கிடங்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். தரையில் கிடந்த ஒரு ஹேர்பின். விழுங்காமல் மெத்தைக்குள் சேர்த்துவைத்த வலி மாத்திரைகள். 'என்' என்ற எழுத்து இல்லாத பழைய டைப்ரைட்டர். இவற்றோடு, அன்னியின் மனநிலையைப் பற்றி நாளுக்கு நாள் அவர் சேர்த்துக்கொள்ளும் அறிவு.

அந்த அறிவை அவர் முதலில் பயன்படுத்தும் விதம் அழகு. அன்னி ஆசையாக விலையுயர்ந்த காகிதம் வாங்கி வருகிறாள். தட்டச்சு செய்தால் இதில் மை இழுகும், வேறு காகிதம் வேண்டும் என்கிறார் பால். உண்மையும் அதுதான், அதனால் அவளால் மறுக்க முடியவில்லை. கோபத்தோடு கடைக்குக் கிளம்புகிறாள். அவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. ஹேர்பின்னால் பூட்டைத் திறக்கிறார். பென்குவின் சாய்வது அந்தப் பயணத்தில்தான்.

அடுத்த முயற்சி மாத்திரை. தூளாக்கிப் பொட்டலம் கட்டி, இருவரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று அன்னியை விருந்துக்கு அழைக்கிறார். அவளுடைய ஒயினில் கலந்தும் விடுகிறார். குடிப்பதற்கு முன் அவள் கை தட்டிக் கோப்பை கவிழ்கிறது. வாரக்கணக்கில் வலியைப் பொறுத்துச் சேர்த்ததெல்லாம் மேசை விரிப்பில் போய்விட்டது. திரையரங்கில் 'ச்சே' என்ற சத்தம் எழும் இடம் அது.

இந்த வகைப் படங்களில் முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தோல்வியும் கைதிக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுத்தர வேண்டும். வலிமையால் அவளை வெல்ல முடியாது, தந்திரமாக மயக்கவும் முடியாது என்று பால் கற்றுக்கொள்கிறார். மிஞ்சுவது ஒன்றுதான்: அந்த நாவலின் மேல் அவளுக்கு இருக்கும் வெறி. எழுதத் தொடங்குகிறார். எழுதாத நேரத்தில் கனமான டைப்ரைட்டரைத் தூக்கி இறக்கித் தோள்களுக்கு வலுவேற்றுகிறார். கடைசிக் காட்சியில் அவர் கொளுத்துவது அவள் உயிராய் எதிர்பார்த்த நாவலை. அணைக்க அவள் பாய்ந்து குனியும்போது தலையில் இறங்குவது அதே டைப்ரைட்டர். இரண்டும் அவளே அவர் கையில் கொடுத்தவை.

நடுவில் மீட்பர் ஒருவரும் வருகிறார். வயதான உள்ளூர் ஷெரீஃப். பொறுமையாகத் துப்புத் துலக்கி, நாவல்களையெல்லாம் படித்து, சரியான வீட்டுக்கே வந்து சேர்கிறார். நிலவறையிலிருந்து பால் எழுப்பும் சத்தத்தைக் கேட்டுக் கதவைத் திறக்கிறார். அடுத்த நொடி அன்னியின் துப்பாக்கி அவர் முதுகில் வெடிக்கிறது. இனி வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்பதைப் படம் இப்படித்தான் நமக்கு எழுதிக் கொடுக்கிறது.

படத்தின் மிகக் கொடூரமான காட்சியைப் பற்றிப் படப்பிடிப்புக்கு முன்பே பெரிய விவாதம் நடந்தது. பால் அறையைவிட்டு வெளியேறியது தெரிந்ததும், நாவலில் அன்னி கோடாலியால் அவர் பாதத்தையே வெட்டிவிடுகிறாள். கோல்ட்மேன் அதை அப்படியே வைக்க விரும்பினார். முதலில் இயக்குவதாக இருந்த ஜார்ஜ் ராய் ஹில், இதை என்னால் எடுக்க முடியாது என்று விலகிக்கொண்டார். ரைனர் அதை மாற்றினார். கணுக்கால்களுக்கு இடையே ஒரு கட்டை, பிறகு சம்மட்டி. கோல்ட்மேன் முதலில் கொதித்தார். ரைனர் செய்ததுதான் சரி என்று பின்னால் தன் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். பாதம் துண்டாகியிருந்தால் பார்வையாளர்கள் அன்னியை அதோடு வெறுத்து ஒதுக்கியிருப்பார்கள். சம்மட்டியில் அவளுடைய 'அன்பு' இன்னும் மிச்சமிருக்கிறது. அவள் அதைச் செய்வது ஓர் அம்மாவின் கனிவோடு. பயமும் அங்கேதான்.

கடத்தியவரிடம் அன்பாக நடந்துகொள்வது சரணடைவதா, போராட்டத்தின் ஒரு பகுதியா? 1973 ஆகஸ்டில் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. வங்கி ஒன்றில் புகுந்த கொள்ளையன் நான்கு ஊழியர்களைப் பணயமாகப் பிடித்தான். சிறையிலிருந்த அவனுடைய நண்பனும் பேச்சுவார்த்தையில் அங்கே கொண்டுவரப்பட்டான். முற்றுகை ஆறு நாள் நீடித்தது. பிணைக்கைதிகளில் ஒரு பெண், பிரதமர் ஓலோஃப் பால்மேவிடமே தொலைபேசியில் பேசி, கொள்ளையர்களைவிடப் போலீஸைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது என்ற தொனியில் வாதாடினார். காவல்துறைக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட் இதற்குச் சூட்டிய பெயர்தான் நாளடைவில் 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' ஆனது. அந்தப் பெண்ணோ இந்த நோய்ப் பெயரைக் கடைசிவரை ஏற்கவில்லை. உயிர் பிழைக்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன் என்பதே அவர் நிலை. பால் ஷெல்டன் விருந்து மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றியதும் அதே கணக்கில்தான்.

இந்தக் கதை தமிழுக்கும் வந்தது. 2003-ல் பாலு மகேந்திரா இயக்கிய 'ஜூலி கணபதி', 'மிசரி'யைத் தழுவியது. அன்னியின் இடத்தில் சரிதா, எழுத்தாளராக ஜெயராம். பாலு மகேந்திரா செய்த முக்கியமான மாற்றம், எழுத்தாளரைத் தொலைக்காட்சித் தொடர் எழுதுபவர் ஆக்கியது. தமிழ்நாட்டு வீடுகளில் மெகா தொடர்கள் ஆட்சி செய்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. தொடர் நாயகிக்கு ஏதாவது ஆகிவிட்டால் தெருவே பேசிக்கொண்ட காலம். ஒரு கற்பனைப் பெண்ணுக்காக நிஜ மனிதரைப் பூட்டிவைக்கும் ரசிகை என்றால், அமெரிக்காவில் அவள் நாவல் வாசகியாக இருக்கலாம். இங்கே அவள் தொடர் பார்ப்பவளாகத்தான் இருக்க முடியும். முகத்தில் ஒரு நொடியில் குழந்தையும் கொலைகாரியும் மாறிமாறி வரும் அந்த வேடத்துக்குச் சரிதாவின் கண்களும் குரலும் போதுமானவையாக இருந்தன.

பாலு மகேந்திராவின் 1980-ஆம் ஆண்டுப் படமான 'மூடுபனி'யும் சிறைவைத்தல் கதைதான். இளையராஜாவின் நூறாவது படம் என்று இசை ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதில் பிரதாப் போத்தன் ஏற்ற மனம் பிறழ்ந்த இளைஞன், ஷோபாவைக் கடத்தி மலைப்பிரதேச வீட்டுக்குக் கொண்டுபோகிறான். படம் பெரும்பாலும் கடத்தியவனின் தலைக்குள் இருந்தே நகர்கிறது. அவனுடைய குழந்தைப்பருவக் காயம்தான் கதையின் மையம். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து 'ஜூலி கணபதி'யில் அதே இயக்குநர் கேமராவைக் கட்டிலில் கிடப்பவர் பக்கம் கொண்டுவந்து வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பூட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத் திகிலின் நிறமே மாறுவது தெரியும்.

ஒருவர் கடத்தினால் ஒரு மனதைப் படித்தால் போதும். மூன்று பேர் வந்தால்? அவர்களுக்கு இடையே இருக்கும் விரிசலைப் படிக்க வேண்டும். டேவிட் ஃபின்சரின் 'பேனிக் ரூம்' (2002) அந்தப் பாடத்தை எடுக்கிறது. நியூயார்க்கில் புதிதாகக் குடிவந்த பெரிய வீட்டில் ஒரு தாயும் மகளும். நள்ளிரவில் மூன்று திருடர்கள் நுழைகிறார்கள். ஆபத்துக் காலத்தில் ஒளிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே இரும்புக் கதவோடு கட்டப்பட்ட அறைக்குள் இருவரும் ஓடிப் பூட்டிக்கொள்கிறார்கள். திருடர்கள் தேடி வந்த பெட்டகமும் அதே அறைத் தரைக்குள்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவனுக்கு இப்படிப்பட்ட பாதுகாப்பு அறைகள் அமைப்பதுதான் பிழைப்பு. போதாததற்கு மகளுக்கு நீரிழிவு; அவசர ஊசி வெளியே படுக்கையறையில் இருக்கிறது.

நிக்கோல் கிட்மேன் நடிக்கத் தொடங்கி, முழங்கால் காயத்தால் விலகிய வேடம் அது. கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுத் தலைவர் பொறுப்பைத் துறந்துவிட்டு ஜோடி ஃபாஸ்டர் வந்தார். மகளாக நடித்த சிறுமி கிறிஸ்டன் ஸ்டூவர்ட். தாயின் போராட்டம் முழுக்க வீட்டுச் சாமான்களால் நடக்கிறது. காற்றுத் துளை வழியாகத் திருடர்கள் எரிவாயுவைச் செலுத்தும்போது, போர்வைகளை மூடிக்கொண்டு அவள் அந்த வாயுவையே பற்றவைக்கிறாள். சுவருக்குள் ஓடும் தொலைபேசி வயரைத் தோண்டியெடுத்து இணைக்கிறாள். அவசர உதவி எண்ணில் 'சற்றுக் காத்திருங்கள்' என்கிறார்கள்! பிற்பாதியில் இடங்கள் மாறி, திருடர்கள் மகளோடு அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். தாய் வெளியே. அவள் சம்மட்டியை எடுத்து வீட்டிலிருக்கும் கண்காணிப்பு கேமராக்களை ஒவ்வொன்றாக உடைக்கிறாள். அதுவரை பார்க்கும் வசதி அவளிடம் இருந்தது. அது அவர்கள் கைக்குப் போனதும் அழித்துவிடுகிறாள்.

ஆனாலும் இருவரையும் கடைசியில் காப்பாற்றுவது திருடர்களில் ஒருவன்தான். சிறுமிக்கு ஊசி போடுபவனும், தப்பிக்க வழி இருந்தும் திரும்பி வந்து கொடியவனைச் சுடுபவனும் அவன். மணிரத்னத்தின் 'ரோஜா'விலும் (1992) இந்த நெகிழ்வு உண்டு. 1991-ல் காஷ்மீரில் இந்தியன் ஆயில் அதிகாரி துரைசாமி கடத்தப்பட்ட நிகழ்ச்சியை ஒட்டிப் பிறந்த கதை அது. நாயகி கணவனை மீட்க அலைகிறாள். நாயகன் தப்பிப்பதற்கோ கதவைத் திறந்துவிடுவது தீவிரவாதத் தலைவனின் தங்கை. எதிர் அணியில் யாருடைய மனம் இளகும் என்று கண்டுபிடிப்பதும் கைதியின் படிப்பில் ஒரு பாடம்.

இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும் என்று நினைப்பவர்களுக்காகவே அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு சம்பவம் இருக்கிறது. 1976 ஜூலை 15. சவ்சில்லா என்ற சிற்றூரில், நீச்சல் குளத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தைத் துப்பாக்கி ஏந்திய மூன்று பேர் மறித்தார்கள். உள்ளே 5 முதல் 14 வயது வரையிலான 26 குழந்தைகள்; ஓட்டுநர் எட் ரே. எல்லோரையும் இரண்டு வேன்களில் அடைத்துப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினார்கள். லிவர்மோர் என்ற ஊரின் கல்குவாரியில் முன்கூட்டியே புதைத்துவைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் ஏணி வழியாக இறக்கினார்கள். மேல் திறப்பை இரும்புத் தகட்டால் மூடி, அதன் மேல் கனத்த பேட்டரிகளை வைத்து, மண்ணையும் கொட்டினார்கள். உள்ளே சில மெத்தைகள், கொஞ்சம் உணவு, தண்ணீர்.

எட் ரேயும் 14 வயது மாணவன் ஒருவனும் மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறினார்கள். கிடைத்த மரத்துண்டை நெம்புகோலாக்கித் தகட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். பேட்டரிகளைச் சரித்தார்கள், மண்ணைத் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் பதினாறு மணி நேரம் கழிந்தபின் 27 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கடத்தியவர்களின் திட்டம் 50 லட்சம் டாலர் கேட்பது. ஆனால் பதறிய பெற்றோரும் செய்தியாளர்களும் அழைத்துக்கொண்டே இருந்ததால் சவ்சில்லா காவல் நிலையத்துக்கு அவர்களால் தொலைபேசித் தொடர்பே பெற முடியவில்லை. கொஞ்சம் தூங்கிவிட்டுப் பேசலாம் என்று படுத்தார்கள். விழித்துத் தொலைக்காட்சியைப் போட்டபோது, குழந்தைகள் தப்பிவிட்ட செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எந்தத் திரைக்கதை ஆசிரியராவது இதை எழுதியிருந்தால் தயாரிப்பாளர் நம்பியிருக்கமாட்டார். ஓட்டுநர் வேடத்தில் கார்ல் மால்டன் நடிக்க, 1993-ல் இது தொலைக்காட்சிப் படமாகவே வந்தது.

பெரும்பாலான படங்கள் கதவு திறந்ததும் 'சுபம்' போட்டுவிடும். 'மிசரி' மட்டும் பதினெட்டு மாதம் கழித்து ஓர் உணவகத்தைக் காட்டுகிறது. பரிமாற வரும் பெண்ணிடம் பால் அன்னியின் முகத்தைப் பார்க்கிறார். லென்னி ஆப்ரகாம்சனின் 'ரூம்' (2015) இன்னும் துணிந்தது. பதினேழு வயதில் கடத்தப்பட்டு ஏழு ஆண்டுகள் தோட்டத்துக் கொட்டகையில் அடைபட்ட பெண், அங்கேயே பிறந்த ஐந்து வயது மகனைச் செத்தவன்போல் கம்பளத்தில் சுருட்டி வெளியே அனுப்புகிறாள். நெஞ்சை அடைக்கும் அந்தத் தப்பித்தல் படத்தின் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி முழுக்க வெளியே வாழ்வதன் கஷ்டம். பேரன் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கும் தாத்தா, கூசாமல் கேள்வி கேட்கும் தொலைக்காட்சி நிருபர், உடைந்துபோகும் தாய். பிரீ லார்சனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது அந்தப் பாதியும் சேர்த்துத்தான்.

சவ்சில்லாவில் அந்தப் பாதி பல பத்தாண்டுகள் ஓடியது. குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்பதே அன்றைய பொதுவான நம்பிக்கை. மனநல மருத்துவர் லெனோர் டெர் அவர்களைச் சந்தித்துப் பேசி, நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் தேடிப் போனார். ஒரு குழந்தைகூடப் பாதிப்பிலிருந்து தப்பவில்லை என்று கண்டார். கெட்ட கனவுகள், கடத்தலையே திரும்பத் திரும்ப விளையாடும் பழக்கம், தாங்கள் நீண்ட நாள் வாழப்போவதில்லை என்ற எண்ணம். குழந்தைகளின் மன அதிர்ச்சியை மருத்துவ உலகம் பார்க்கும் விதத்தை அவருடைய ஆய்வு மாற்றியது. கடத்திய மூவரில் இருவர் 2012-லும் 2015-லும் பரோலில் வெளியே வந்தார்கள். குவாரி முதலாளியின் மகனான மூன்றாமவருக்கு 2022-ல் பரோல் கிடைத்தது. ஐம்பதைக் கடந்துவிட்ட அந்தப் பேருந்துக் குழந்தைகளில் சிலர் அதை எதிர்த்தார்கள். அனுபவித்த தண்டனை போதும் என்று சொன்னவரும் அவர்களிடையே இருந்தார்.